வெள்ளோட்ட விமானி

விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘கடற்படைச் சோதனை விமானி’ என்றுதான் தொடங்குகிறது. அண்மையில் படித்த ஒரு குறிப்பு அவரைப் ‘பயிற்சி விமானி’ என்றே எழுதிவிட்டது. விமானத்தை ஓட்டிச் சோதிப்பவரைக் குறிக்கும் டெஸ்ட் பைலட் என்ற சொல்லை இப்படிக் கையாண்டால் அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

பயிற்சி விமானி என்பது அப்பட்டமான பிழை. ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பவர்தான் பயிற்சி விமானி. ஷெப்பர்டு 1947இலேயே கடற்படை விமானி ஆகிவிட்டார். அப்புறம்தான், 1950இல், மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ரிவரில் இருந்த கடற்படையின் டெஸ்ட் பைலட் பள்ளிக்குப் போனார்.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டெஸ்ட் என்பது மண்கலத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொன், வெள்ளியை உருக்கித் தரம் பார்க்க அந்தக் கலம் பயன்பட்டது. பைலட்டுக்கு வேர் துடுப்பைக் குறித்த கிரேக்கச் சொல். கப்பலுக்கு வழிகாட்டியவர் பெயர் பிறகு விமானத்துக்கு ஏறியது. ஆக, இந்தக் கூட்டுச்சொல்லில் சோதிக்கப்படுவது விமானம், விமானி அல்ல.

‘சோதனை விமானி’ இதைத்தான் தலைகீழாக்குகிறது. சோதனை எலி என்றால் எலியின் மேல் சோதனை நடக்கிறது. சோதனை விமானம் என்றால் சோதிக்கப்படும் விமானம். அதே வரிசையில் சோதனை விமானி என்று படிப்பவர், சோதிக்கப்படும் விமானி என்றுதான் எடுத்துக்கொள்வார். சோதனை அதிகாரி என்கிறோமே, அவர் சோதிப்பவர்தானே என்று கேட்கலாம். சரி, ஆனால் சோதிப்பது அதிகாரியின் வேலை என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். விமானியின் வேலை ஓட்டுவது. போதாக்குறைக்குச் சோதனைக்குத் துன்பம் என்றும் ஒரு பொருள், வீடு புகுந்து தேடுவது என்றும் ஒரு பொருள். வடசொல் என்பதற்காக இதை நான் மறுக்கவில்லை. விமானியும் வடசொல்தான். ஓட்டுபவரைக் குறித்த ‘வலவன்’ என்ற பழஞ்சொல்லை மீட்க விரும்புவோர் உண்டு. அழகான சொல், ஆனால் பொருளை அடைப்புக்குறியில் போட வேண்டியிருக்கும். எனக்குத் தெளிவு முதலில், தூய்மை பிறகு.

நம்மிடம் வெள்ளோட்டம் இருக்கிறதே! புதுத் தேரைச் சாமி ஏறாமல் இழுத்துச் சக்கரமும் அச்சும் தாங்குகின்றனவா என்று பார்ப்பது வெள்ளோட்டம். வெள்ளிடை என்றால் வெற்றிடம், வெள்ளோட்டம் வெற்றோட்டம். பிறர் நம்பி ஏறுவதற்கு முன் ஒருவர் ஓட்டிப் பார்ப்பது என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது.

வெள்ளோட்டம் ஒரே தடவை, டெஸ்ட் பைலட் திரும்பத் திரும்பப் பறப்பவர் என்பார்கள். தேருக்கு ஒன்று போதும், விமானத்துக்குப் பல வேண்டும், அவ்வளவுதான். ஷெப்பர்டு வானிலேயே எரிபொருள் நிரப்பும் முறையைச் சோதித்தார். பான்ஷீ என்ற போர் விமானம் கப்பல் தளத்தில் இறங்கத் தக்கதா என்று பார்த்தார். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குதளத்தைக் கப்பலின் நீளவாக்கிலிருந்து சற்றுச் சாய்த்து அமைக்கும் புது முறை வந்தபோது அதன் தொடக்கச் சோதனைகளிலும் பறந்தார். இறங்கும் விமானத்தை நிறுத்தத் தளத்தில் கட்டிய கம்பியை விமானத்தின் கொக்கி பிடிக்காமல் போனால், முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாமல் மறுபடி மேலேறிவிட அந்தச் சாய்வு இடம் தருகிறது. இவை ஒவ்வொன்றும் வெள்ளோட்டம்தான்.

விண்வெளிக்கு அவரைக் கொண்டுபோனதும் இந்தத் தகுதியே. முதல் விண்கலங்களுக்கு ராணுவத்தின் டெஸ்ட் பைலட்டுகளிலிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் முடிவு செய்தார். 1959இல் அறிவிக்கப்பட்ட முதல் விண்வெளி வீரர்கள் எழுவரில் ஷெப்பர்டு, ஷிரா, கார்ப்பென்டர் மூவரும் கடற்படையினர். 1961 மே 5 அன்று ஃப்ரீடம் 7 விண்கலத்தில் ஷெப்பர்டு பறந்தது ஏறத்தாழ 15 நிமிடம். அதற்குள் தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து கலத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, மூக்கை மேலும் கீழும் அசைத்து, பக்கவாட்டில் திருப்பி, பிறகு உருட்டி, ஒவ்வொரு அச்சாகச் சரிபார்த்தார். அதற்கு முன் சனவரியில் ஹாம் என்ற சிம்பன்சியும் ஏறத்தாழ இதே பாதையில் போய்வந்தது. அது சோதனைக்கு உள்ளானது, இவர் சோதித்தார். இருவருக்கும் ஒரே அடைமொழியைக் கொடுப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை இன்னொன்றோடு ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்த பின் யார் எதைச் செய்கிறார் என்று ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதில்லை. காதுக் கோளாறால் ஆண்டுக்கணக்கில் விண்வெளிப் பயணத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டு, அறுவைசிகிச்சைக்குப் பிறகு 1971இல் 47 வயதில் அப்பல்லோ 14இன் தலைவராக நிலவில் இறங்கியவர் ஷெப்பர்டு. அந்தப் பயணத்தைப் பற்றிய பத்திகளில் நிலவில் அவர் அடித்த கோல்ஃப் பந்துக்குக் கிடைக்கும் இடம், தரையிறக்கத்துக்குக் கிடைப்பதில்லை. ‘கடற்படை வெள்ளோட்ட விமானியாக இருந்து விண்வெளிக்குப் போனவர்’ என்று எழுதினால் ஒரு வரிதான் ஆகிறது. அந்தப் பள்ளியையும் ‘கடற்படை வெள்ளோட்ட விமானிகள் பள்ளி’ என்றே எழுதலாம்.