ஸ்குவாட் பாதியில் நின்றுவிடுவது ஏன்?

ஸ்குவாட் என்ற உட்கார்ந்தெழும் பயிற்சியில் இறங்கும்போது தொடை இடுக்கின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினால், தசை இறுக்கம் என்று நினைத்து நாள்தோறும் ஸ்ட்ரெட்ச் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சிலருக்கு அங்கே தடுப்பது எலும்பு. இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு உரசும் இந்தப் பிரச்சினைக்கு இம்பின்ஜ்மென்ட் என்று பெயர்.

தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற மெத்தென்ற வளையம் உண்டு. தலைக்குக் கீழே எலும்பு கழுத்துபோல ஒடுங்கும். அந்த ஒடுக்கம் இருப்பதால்தான் தொடையை மேலே மடக்க இடம் கிடைக்கிறது. சிலருக்கு அந்த இடத்தில் எலும்பு புடைத்திருக்கும். இது கேம் வகை. குழியின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருந்தால் பின்சர் வகை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இந்த உரசல் மூட்டுத் தேய்மானத்துக்குக் காரணமாகலாம் என்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவர் குழுவினரும் 2003இல் விளக்கினார்கள்.

இறங்க இறங்கத் தொடை வயிற்றை நெருங்குகிறது. ஆழம் கூடும்போது கழுத்துப் பகுதி குழியின் முன்விளிம்பில் முட்டுகிறது. நடுவில் லேப்ரம் நசுங்குகிறது. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் இன்னும் சீக்கிரமே முட்டும். சாதாரணமாக, அடிமட்டத்தை நெருங்கும்போது இடுப்பெலும்பு கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்து, முன்விளிம்பை விலக்கி இடம் கொடுக்கும். கேம் வகைப் பாதிப்பு உள்ளவர்களை ஸ்குவாட் செய்யவைத்து அளந்த ஆய்வில், அவர்களுடைய இடுப்பெலும்பின் அசைவு குறைவாக இருந்தது. இறங்கிய ஆழமும் குறைவு.

இங்கேதான் ஜிம்மில் கேட்கும் ஓர் அறிவுரை எனக்குக் கவலை தருகிறது: “முதுகை நல்லா வளைச்சு, பின்பக்கத்தைத் தூக்கு!” அப்படிச் செய்தால் இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய்ந்து, விளிம்பு தொடை எலும்பை நோக்கியே வருகிறது. மோதல் முன்கூட்டியே நடக்கும். இந்தப் பிரச்சினை உள்ளவர் வலியோடு இன்னும் ஆழமாக இறங்கப் பார்ப்பது லேப்ரத்தை மேலும் உறுத்துவதில்தான் முடியும்.

ஸ்ட்ரெட்ச் செய்வதால் எலும்பின் வடிவம் மாறாது. கால்களைச் சற்று அகலமாக வைத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பினால் பலருக்கு இடம் கிடைக்கிறது. குத்துவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளும் ஆழமும் நல்ல ஸ்குவாட்தான்.

அதே சமயம், எக்ஸ்ரேயில் புடைப்பு தெரிந்ததும் பயப்பட வேண்டாம். இதே வடிவம் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய உண்டு. வலி, மருத்துவரின் கைப்பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போனால்தான் இந்தப் பிரச்சினை என்று சொல்ல வேண்டும் என்று 2016இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி முடிவுசெய்தார்கள். அப்படி உறுதியானவர்களிலும் பலருக்கு, இடுப்பையும் வயிற்றுத் தசைகளையும் வலுப்படுத்தும் பிசியோதெரபியே வலியைக் குறைக்கிறது. அதிலும் அடங்காதவர்களுக்குச் சிறுதுளை அறுவை சிகிச்சையில் புடைப்பைச் செதுக்கி, கிழிந்த லேப்ரத்தைச் சரிசெய்கிறார்கள்.