‘தீம்’ என்றால் கருப்பொருளா, உரிப்பொருளா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைகளில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், மலாய் வகுப்புல தெமா வேற, பெர்சோவாலான் வேறன்னு சொல்றாங்க. தமிழ்ல ரெண்டுமே கருப்பொருள்தானா?” என்று கேட்டாள்.

தெமா என்பது கருப்பொருள், பெர்சோவாலான் என்பது துணைக்கருப்பொருள். மலாயில் சோவால் என்றால் கேள்வி. கதை நெடுக எழும் சின்னச் சின்னக் கேள்விகள்தான் பெர்சோவாலான். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அவள் தொட்ட சொல் ஆழமானது, அதை அப்படியே விட மனம் வரவில்லை.

ஆங்கிலத்தின் தீம், மலாயின் தெமா இரண்டுக்கும் வேர் கிரேக்கச் சொல்லான தேமா. ‘வைக்கப்பட்டது’ என்று பொருள். பேசுவதற்காக நடுவில் எடுத்து வைத்த பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அது கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டது: “என்ன தீம், ஊதாவா தங்கமா?” என்கிறோம். (தமிழில் ஏற்கெனவே ஒரு ‘தீம்’ உண்டு. தீம்பால், தீந்தமிழ் என்னும்போது வரும் அது இனிமையைக் குறிக்கும். இரண்டுக்கும் உறவில்லை.)

நம் ‘கரு’ வேறு வகை. வயிற்றில் வளர்வதும் கரு, முட்டைக்குள் மஞ்சளாக இருப்பதும் கரு. வெளியிலிருந்து கொண்டுவந்து வைப்பதல்ல, உள்ளேயே இருந்து வளர்வது. கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் ‘கருப்பொருள்’ என்று நீட்டும்போதுதான் வருகிறது. தொல்காப்பியம் அகப்பாட்டை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்த மண்ணுக்குரியவை கருப்பொருள். பின்னால் வந்த நம்பியகப்பொருள் இதை 14 ஆக விரித்தது. புணர்தல், பிரிதல், இருத்தல் (பிரிந்தவருக்காகக் காத்திருப்பது), ஊடல், இரங்கல் ஆகிய ஐந்தும் உரிப்பொருள்.

இதை அப்படியே எங்கள் தோட்டப்புறத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ரப்பர்க் காடும், பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கு எடுப்பதற்கு) முந்திய இருட்டும் முதற்பொருள். முனியாண்டி, கித்தா (ரப்பர்) மரம், பால்வெட்டு, பால் சுமக்கும் காண்டா வாளி, உறுமி எல்லாம் கருப்பொருள். இவற்றில் ஒன்றையாவது ‘தீம்’ என்று சொல்ல முடியுமா? முடியாது. நாம் தீம் என்று தேடுவது பழைய கணக்கில் உரிப்பொருளின் பக்கம்தான் இருக்கிறது.

வ.வே.சு. ஐயர் 1915இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை மாணவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். கதையைச் சொல்வதே மரம் என்பதால், “கருப்பொருள்: அரசமரம்” என்று எழுதிவிடுகிறார்கள். தொல்காப்பியர் சரி என்பார், தேர்வாளர் மதிப்பெண் தரமாட்டார். “வரதட்சணை” என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்துவதும் போதாது. அது பேசுபொருள், அவ்வளவுதான். தந்தையின் செல்வம் போனதும் ருக்மிணியின் இடம் புகுந்த வீட்டில் எப்படி ஆட்டம் காண்கிறது, கணவன் தன் மனத்தில் இருப்பதை அவளிடம் மறைத்தது எப்படி அவள் உயிரைக் குடிக்கிறது என்று ஒரு வாக்கியமாவது எழுதினால்தான் கரு பிடிபடும். “பெண்களைத் துன்புறுத்தக் கூடாது” என்பதோ படிப்பினை. அதற்குத் தாளில் தனி இடம் இருக்கிறது.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. அதை வகுப்பில் வாசித்தால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. தேயிலை இருந்த இடத்தில் கித்தாவை வைத்துப் படித்துக்கொள்கிறார்கள். கருப்பொருள் மாறுகிறது, உரிப்பொருள் மாறவில்லை.

மலேசியச் சிறுகதைகளின் பெரிய கருக்களும் இப்படித்தான். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத ஆண்கள். துரைமார் தோட்டங்களை விற்றபோது அவை சிறு துண்டுகளாகக் கைமாறிய துண்டாடல். அதைத் தடுக்கத்தான் எங்கள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்புறம் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை, செம்பனைக்கு இடம்விட்ட ரப்பர், பட்டணத்து அடுக்குமாடி. எல்லாவற்றிலும் பிரிதலும் இரங்கலும் ஓடுகின்றன.

அப்படியானால் எதை எழுதுவது? தேர்வில் கருப்பொருள் என்றே எழுதுங்கள், அது நிலைத்துவிட்ட சொல். பேச்சிலும் விமர்சனத்திலும் ‘கரு’ என்று நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்கும். கவிதைக்குப் பாடுபொருள் இருக்கிறது. மையக்கருத்து கட்டுரைக்குப் பொருந்தும், கதையைக் கொஞ்சம் இறுக்கிவிடுகிறது. ‘உரிப்பொருள்’ என்று வைத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

கேள்வி கேட்ட மாணவி இந்த வாரம் ரப்பர்ப் பால் பிடிக்கும் தன் பாட்டியின் மங்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். விளிம்பில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்துக் கிடந்தது. தோட்டத்தை விட்டு வந்தபோது பாட்டி எடுத்துவந்ததாம். “இது கருப்பொருள். இதில் என்ன கதை வளரும்? உரிப்பொருளை எழுது” என்றேன். ‘பிரிதல்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து அதை அடித்துவிட்டு ‘இருத்தல்’ என்று எழுதினாள். ஏன் என்று கேட்டேன்.

“பாட்டி இன்னமும் காலையில நாலு மணிக்கு எழுந்து, தலைத்துண்டைக் கட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்காங்க, டீச்சர்.”