திசு வளர்ப்பா, இழைய வளர்ப்பா?

மதுரை ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் வாழை வைக்கிறவர்கள் "டிஷ்யூ கன்னு" என்பார்கள். செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்துக் கன்றாக்கும் இந்த முறையைப் பாடநூல் 'திசு வளர்ப்பு' என்கிறது. வில்வம் போன்ற மருந்துப் பழ மரங்களையும் ஆய்வகத்தில் இப்படிப் பெருக்க முடியும். அந்தக் கன்றுகளுக்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும் என்பதால், சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

திசு தமிழ் போலத் தெரியும். ஆனால் தமிழில் அதற்கு வேர் கிடையாது. பிரெஞ்சில் 'திசு' என்றால் நெய்த துணி. 'நெய்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. டெக்ஸ்டைல் என்பதும் அதே வேர்தான். 1800 வாக்கில் பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர் உடலின் பகுதிகளை இந்தச் சொல்லால் வகைப்படுத்தினார். பிறகு ஆங்கிலம் வழியாக நமக்கு ஒலி மட்டும் வந்து சேர்ந்தது.

இலங்கைத் தமிழில் இதற்கு 'இழையம்' என்று பெயர். இழை என்றால் நூல். இழைதல் என்றால் ஒன்றோடொன்று கூடிக் கலத்தல். செல்லூர்த் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செல்கள் நூல் மாதிரி சேர்ந்து நெய்த பரப்பு, இழையம். பிரெஞ்சுக்காரர் நினைத்த அதே உவமை, நம் வேரிலேயே இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும்.

சரி, வில்வத்துக்கு வருவோம். விதையில் முளைத்த கன்று தாய் மரம் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் நல்ல மரத்தின் இளந்தண்டில் கணுவோடு ஒரு துண்டு வெட்டி, கிருமி நீக்கி, சத்துக் கூழில் வைப்பார்கள். பெரும்பாலும் அது 1962-இல் முராஷிகி, ஸ்கூக் என்ற அறிவியலாளர்கள் வகுத்த கலவை; 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கப்பட்டது. அதைக் கூழாக உறைய வைப்பது அகர். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இது கிடைக்கிறது. மதுரை மரிக்கொழுந்தின் பெயரைக் கடலுக்குள்ளும் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கும். சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் சேர்த்தால் கணுவிலிருந்து தளிர் பல கிளம்பும். அப்புறம் ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் கொடுத்தால் வேர் விடும். மரப் பயிர்களில் வெட்டுவாயிலிருந்து பீனால் என்ற வேதிப்பொருள் கசிந்து கூழைக் கறுக்க வைத்துவிடும், அதுதான் பெரிய தொல்லை. வேர்விட்ட கன்றை நிழலில் வைத்து வெளிக்காற்றுக்கு மெதுவாகப் பழக்குவார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வைத்தது வெறும் இழையம் இல்லை, மொட்டு உறங்கும் முழுக் கணு. ஆகவே இந்த வேலைக்குச் சரியான பெயர் நுண்பெருக்கம். இழைய வளர்ப்பு அதை உள்ளடக்கிய பொதுப்பெயர்.

வில்வத்துக்கே கூவிளம் என்று பழைய பெயர் இருக்கிறது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று யாப்பு வாய்பாட்டில் பள்ளியில் படித்தோமே, அதே மரம்தான். பண்ணைப் பலகையில் 'கூவிளம், நுண்பெருக்கக் கன்று' என்று எழுதினால், வாங்குகிறவருக்கு மரமும் முறையும் தமிழிலேயே புரியும்.