மானியம் வேறு, நல்கை வேறு

டர்பனில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: "மருத்துவ ஆய்வு மானிய விண்ணப்பம் எழுதப் பயிற்சி." பக்கத்தில் நின்ற ஆயா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மானியம்னா கிராண்ட்தானே? டாக்டர் பிள்ளைங்களுக்கும் அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. தென்னாப்பிரிக்காவில் கிராண்ட் என்றதும் நினைவுக்கு வருவது முதியோருக்கும் குழந்தை வளர்ப்புக்கும் அரசு மாதாமாதம் கொடுக்கும் பணம். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்கிறது. தமிழில் நாமும் ஏன் அடைக்க வேண்டும்?

கிராண்ட் பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். 'நம்புதல்' என்ற லத்தீன் வினையே மூலம். கிரெடிட்டுக்கும் அதே வேர். நம்பி ஒப்படைப்பது, அவ்வளவுதான்.

மானியம் 'மதிப்புக்குரிய' என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. வரி நீக்கிக் கொடுத்த நிலம் கோயில் மானியம். விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றால் உர மானியம், எரிவாயு மானியம். இங்கெல்லாம் 'வாங்குகிறவர் யார்' என்பதே கேள்வி. ஆய்வுக்குப் பணம் தருகிறவர் கேட்பது 'என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்' என்று. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு இருக்கிறதே, இலங்கையிலும் மானியங்கள் ஆணைக்குழுதானே என்பார்கள். பெயர்ப்பலகையில் ஏறிவிட்டால் பொருள் பொருந்திவிடுமா?

ஆய்வுக்குத் தரும் பணத்தை நல்கை என்போம். அது நம் சொல்; நல்குவது என்றால் கொடுப்பது. "தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்" என்கிறது குறள். கடலிலிருந்து முகந்த நீரை மேகம் திருப்பி நல்காவிட்டால் கடலே வளம் குன்றும். ஆய்வுப் பணமும் இப்படித்தான்: மக்களிடம் வாங்கிய வரி, அறிவாக மக்களிடமே திரும்ப வேண்டும். நல்குரவு என்றால் வறுமையாயிற்றே, அந்த வாடை அடிக்காதா என்று ஒரு நண்பர் மறுத்தார். அது 'நல்கூர்' என்ற வினையிலிருந்து வந்தது. கொடுத்தலைக் குறிக்கும் 'நல்கு' வேறு.

டர்பனைத் தலைமையிடமாகக் கொண்ட எய்ட்ஸ் ஆய்வு மையமான காப்ரிசாவின் 004 என்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 889 பெண்கள், ஒரே கேள்வி: டெனோபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல் எச்ஐவி தொற்றைத் தடுக்குமா? 39 விழுக்காடு குறைந்ததென்று 2010இல் விடை வந்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் அந்தப் பலன் தெரியவில்லை. அதுவும் திரும்பி வந்த மழைதான்.

அறிவிப்பில் இருந்த 'விண்ணப்பம்' இன்னும் மோசம். அது பணிந்து வேண்டுவது; இங்கே வேண்டியது முன்மொழிவு. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பி எழுதுகிறவர்கள் மனு எழுதுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் செவிலியாக இருக்கும் என் அக்காள் மகள் எழுதிய முதல் வரைவு, "எங்கள் கிளினிக்கில் போதிய வசதி இல்லை" என்று தொடங்கி, இரண்டு பக்கம் குறைகளையே அடுக்கியது. எத்தனை நோயாளிகள், எதை அளப்பது, எத்தனை மாதம், அறநெறிக் குழுவின் ஒப்புதல் எப்போது, எந்தச் செலவு எதற்கு, ஒன்றுமே இல்லை. "நீ மானியம் கேட்கிறாய் அம்மா, நல்கைக்கு எழுது" என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்த வரைவின் முதல் வரி: "ஒவ்வொரு வருகையிலும் செவிலியர் பாதத்தைச் சோதித்தால் நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதப்புண் குறையுமா?"