பனிவிடுநிலம்: ‘முன்களம்’ ஏன் பொருந்தாது

ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகள் சுருங்கிவருவதைப் பற்றிய கட்டுரைகளின் தமிழாக்கங்களில் ‘பனிப்பாறை முன்களம்’ என்ற தொடரைப் பலமுறை படித்துவிட்டேன். அண்மையில் படித்த ஒன்றில் அதே இடம் ‘பனிப்பாறைக்கு முந்தைய நிலம்’ ஆகியிருந்தது. பனி தோன்றுவதற்கு முன்பிருந்த நிலம் என்றுதான் படிப்பவர் இதற்குப் பொருள்கொள்வார். மூலமோ, பனி உருகி விலகியபின் வெளிப்பட்ட நிலத்தைப் பேசுகிறது.

மூலச்சொல் ஜெர்மானிய மொழியின் ‘கிளெட்ஷர்ஃபோர்ஃபெல்ட்’. கிளெட்ஷர் பனியாறு, ஃபோர் முன், ஃபெல்ட் வெளி அல்லது வயல். ஆங்கிலத்தில் ‘கிளேசியர் ஃபோர்ஃபீல்டு’. இதனுடன் சேர்ந்து வரும் ‘புரோகிளேசியல்’ என்பதிலுள்ள ‘புரோ’ இடத்தால் முன்னிருப்பதைக் குறிக்கிறது. அதைக் காலத்தால் முந்தியதைச் சுட்டும் ‘பிரி’ என்ற ஆங்கில முன்னொட்டு என்று எண்ணியதால்தான் ‘முந்தைய’ பிறந்திருக்க வேண்டும். ஆல்ப்ஸில் இந்நிலத்துக்குத் தெளிவான எல்லை உண்டு: 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பனியாறுகள் கடைசியாகப் பெருகி எட்டிய இடத்தில் விட்டுச்சென்ற மொரைன் மேடுகள் (பனியாறு சுமந்துவந்து குவித்த கல்லும் மண்ணும்) ஒரு புறம், இன்றைய பனி விளிம்பு மறுபுறம்.

‘பனிப்பாறை’ என்பதையே முதலில் கைவிட வேண்டும். நம் பள்ளிப் புவியியல் நூல்கள் ‘பனியாறு’ என்று சரியாகத்தான் கற்பிக்கின்றன. செய்திகளோ கடலில் மிதப்பதையும் மலையில் ஊர்ந்திறங்குவதையும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் நேர்ந்த பேரழிவைப் ‘பனிப்பாறை வெடிப்பு’ என்று எழுதினார்கள். அங்கே ரோன்டி சிகரத்தின் சரிவிலிருந்து பெரும் பாறைத்திரள் பனிக்கட்டியோடு பெயர்ந்து விழுந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டியபோது, உண்மையான பாறையைப் ‘பனிப்பாறை’யிலிருந்து பிரித்துச் சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சவில்லை.

இனி ‘முன்களம்’. களம் என்றால் நமக்கு நெற்களம், போர்க்களம். மனிதர் கூடி ஒரு வினை செய்யும் இடம். மேலும், கொரோனாக் காலத்தில் ‘முன்களப் பணியாளர்’ என்ற தொடர் வேரூன்றிவிட்டதால், இச்சொல்லைக் கேட்டதும் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் நினைவுக்கு வருவார்களே தவிர, சரளையும் ஓடையும் நிறைந்த மலைப்பள்ளத்தாக்கு வராது. இவற்றையெல்லாம் பழக்கம் சரிசெய்துவிடும் என்று வாதிடலாம். ஆனால் ‘முன்’ என்பதில் உள்ள பிழையைப் பழக்கம் சரிசெய்யாது. பனியாறு நீளத்தில் மட்டும் குறைவதில்லை, தடிமனிலும் குறைகிறது. ஆகவே அதன் நாவுக்கு, அதாவது கீழ்நுனிக்கு, எதிரே மட்டுமன்றி, இரு பக்கச் சரிவுகளிலும் நிலம் வெளிப்படுகிறது. ஆஸ்திரியாவின் காவுனர்டால் பள்ளத்தாக்கிலுள்ள கெபாட்ச்ஃபெர்னர் பனியாறு போன்ற இடங்களில் நிலமாற்றத்தை அளக்கும் ஆய்வாளர்கள் இந்தப் பக்கச்சரிவு மொரைன்களைத்தான் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். தாங்கிநின்ற பனி விலகியபின் மழையும் உருகுநீரும் அவற்றை ஓடைகளாக அறுத்து, வண்டலைக் கீழே கொண்டுசேர்க்கின்றன. ‘முன்களம்’ என்று படிக்கும் மாணவர் இச்சரிவுகளைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். ‘முன்னிலம்’ என்று மாற்றினாலும் இதே குறை தொடரும்.

நான் முன்வைக்கும் சொல் ‘பனிவிடுநிலம்’. விடுநிலம் வினைத்தொகை, பனி விட்ட நிலம், விடுகின்ற நிலம், விடும் நிலம் என முக்காலத்துக்கும் விரியும். இந்த விரிவு இங்கே இலக்கண அழகுக்காக மட்டும் தேவைப்படவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் உயரத்தை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எங்கே எத்தனை கனமீட்டர் அரிக்கப்பட்டது, எங்கே படிந்தது என்று கணக்கிடுகிறார்கள். அப்போது தரை தாழ்ந்த இடமெல்லாம் அரிப்பு ஆகிவிடாது; கற்குவியலுக்கு அடியில் புதைந்துகிடக்கும் பழைய பனிக்கட்டி உருகினாலும், ஒரு கல்கூட இடம்பெயராமலே தரை தாழும். பார்வைக்குப் பனி விட்டதாகத் தோன்றும் அவ்விடம் உண்மையில் பனி விடுகின்ற நிலம். சுவிட்சர்லாந்தின் மோர்ட்டராட்ச் பனியாற்றின் விளிம்பு முந்தைய ஆண்டுகளில் எங்கிருந்தது என்பதை வழிநெடுக ஆண்டுப் பலகைகள் காட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அது ஏறத்தாழ 3 கி.மீ. சுருங்கியிருக்கிறது. இன்னும் பனிக்கு அடியில் இருக்கும் அடுத்த பகுதியும், விடும் நிலம் என்ற பொருளில், இச்சொல்லுக்குள் அடங்குகிறது.

விடுநிலம் என்றால் தரிசு என்று நினைத்துவிடமாட்டார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ‘பனி’ முன்னால் நிற்கும்வரை அந்த ஐயம் எழாது என்பது என் துணிபு. புரோகிளேசியல் பனி விளிம்பையொட்டி அதன் தாக்கத்துக்கு உட்பட்டதைக் குறிக்கும் தனிச்சொல் ஆதலால், அதற்குப் ‘பனிமுனைசார்’ என்று வேறாக வைத்துக்கொள்ளலாம். ‘மொரைன்’ பாடநூல்களில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிடலாம்.