அந்த ரெண்டு பேர் எங்கே?

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பெயின்ட்பால் மைதானத்தில், அதாவது சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டு அவுட்டாக்கும் விளையாட்டில், மார்ஷலாக இருக்கிறேன். ஆரஞ்சு ஜெர்சி போட்டுக்கொண்டு விசிலோடு நடுவில் நிற்கிற ஆள். சனி, ஞாயிறு வந்தால் கம்பெனி டீம்கள் வரிசை கட்டும். ஆறு பேருக்கு ஆறு பேர், பத்து நிமிஷ ஆட்டம். நான் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு அணியும் தெரியும் என்பதால், பாதி ஆட்டங்களில் யார் தோற்கப்போகிறார்கள் என்பது தோற்கிறவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் அப்படித்தான். நீல அணி ஆறு பேரும் டயர் அடுக்குக்கும் டிரம்முக்கும் பின்னால் பதுங்கியிருந்தார்கள். பதுங்கியதில் குறையே இல்லை. எதிரில் சிவப்பு அணி விடாமல் சுட்டுக்கொண்டிருந்தது. ஆனால் சுட்டது நாலு பேர்தான். மீதி இரண்டு பேர் விசில் அடித்த கையோடு இடது ஓரக் கயிற்றை ஒட்டி, சவுக்கு மர நிழலில் குனிந்து நகர ஆரம்பித்திருந்தார்கள். நீல அணியில் ஒருவர்கூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. சத்தம் எல்லாம் முன்னாலிருந்துதானே வருகிறது! மூன்றாவது நிமிஷத்தில் அடுத்தடுத்து நாலு பேர் அவுட். முதுகில் அடி வாங்கிய ஒருவர், எங்கிருந்து வந்தது என்றே புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றக் கை வைத்தார். விசிலை ஊதிக்கொண்டே ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

எங்கள் பெல்லட், அதாவது அந்தச் சாய உருண்டை, நொடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது. தொடையில் பட்டால் கன்றிப்போகும், ஒரு வாரத்தில் ஆறிவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். எதிர்பாராத பக்கத்திலிருந்து அடி விழும்போதுதான் மனிதர்கள் மாஸ்க்கைத் தூக்குகிறார்கள். இது நான் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதனால் பக்கவாட்டுத் தாக்குதலைப் பற்றித் தெரிந்துகொள்வது ஜெயிப்பதற்கு மட்டும் இல்லை. அடி விழுந்தாலும் கை மாஸ்க் பக்கம் போகாது.

பங்கர், அதாவது பதுங்குகிற மறைப்பு, ஒரு பக்கத்துக்குத்தான் சுவர். எதிரி பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் அது வெறும் டயர். இன்னொன்றும் உண்டு. எதிரிலிருந்து பார்த்தால் நீங்கள் ஆறு பேரும் தள்ளித் தள்ளித் தெரிவீர்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோட்டில் நிற்பீர்கள். முதல் ஆளுக்குத் தப்பினது அடுத்தவர் மேல் படும். ஓரத்தில் வந்த எதிரி பக்கம் திரும்பினாலோ, முன்னால் இருக்கிற நாலு பேருக்கு உங்கள் முதுகு கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, மாஸ்க் கடைக்கண் பார்வையைக் கொஞ்சம் வெட்டிவிடுகிறது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடியில் ஆவி வேறு.

அனுபவம் இல்லாதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 1863 மே 2, அமெரிக்க உள்நாட்டுப் போர், வர்ஜீனியாவில் சான்சலர்ஸ்வில். தெற்கத்திய தளபதி லீயிடம் இருந்த படை வடக்கத்திய ஹூக்கரின் படையில் பாதி தேறாது. அதையும் பிரித்து, ஜாக்சன் தலைமையில் ஏறக்குறைய 28,000 பேரைக் காட்டு வழியாகச் சுமார் 12 மைல் சுற்றி அனுப்பினார். வடக்கத்தியப் படையின் வலது கோடி எந்த அரணும் இல்லாமல் திறந்து கிடந்தது. இதில் எனக்கு ஆறாத விஷயம், அந்த அணிவகுப்பு அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது என்பதுதான். வலது பக்கம் ஜாக்கிரதை என்று ஹூக்கரே காலையில் எச்சரிக்கை அனுப்பினார். மதியத்துக்குள் 'லீ பின்வாங்குகிறார்' என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் வீரர்கள் சமைத்துக்கொண்டிருந்தபோது, காட்டுக்குள்ளிருந்து மான்களும் முயல்களும் தெறித்து ஓடிவந்தன. அவற்றின் பின்னாலேயே ஜாக்சனின் ஆட்கள்.

என் மைதானத்தில் மான் கிடையாது. அதனால் எண்ணச் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கி அரை நிமிஷத்தில், எதிரே எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். 'நாலு' என்றால், மீதி ரெண்டு பேர் எங்கே? பதில் இல்லாவிட்டால் அவர்கள் சுற்றி வந்துகொண்டிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெகுநேரமாக அமைதியாக இருக்கிற பக்கம்தான் அவர்கள் வருகிற வழி.

அப்புறம், ஓரத்தைப் பார்க்க ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். இது யாருக்கும் பிடிக்காத வேலை. சுடவும் வழியில்லை, போட்டோவிலும் விழ மாட்டார். ஆனால் இதைச் செய்துதான் சீசர் தப்பினார். கி.மு. 48, ரோமானிய உள்நாட்டுப் போர், கிரேக்க நாட்டில் ஃபார்சலஸ். சீசரின் எதிரி இன்னொரு ரோமானியத் தளபதி, பாம்பே (Pompey). பாம்பேயிடம் சுமார் 7,000 குதிரைப்படையினர், சீசரிடம் 1,000 பேர்தான். பாம்பே தன் குதிரைகளை எல்லாம் ஒரே பக்கம் குவித்ததைப் பார்த்ததுமே, எதற்கென்று சீசருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து ஆறு கோஹார்ட் (ரோமானியப் படைப்பிரிவு) காலாட்களை எடுத்து, வலது பக்கம் பின்னால் மறைத்து நிறுத்தினார். நான் சொல்கிறவரை அசையக் கூடாது என்று உத்தரவு. குதிரைகள் சுற்றி வந்தன, சீசரின் குதிரைப்படையைத் தள்ளின, திடீரென்று காலாட்களின் ஈட்டியில் மாட்டிச் சிதறி ஓடின. காலாட்கள் அதோடு நிற்கவில்லை. அப்படியே சுற்றிப்போய் பாம்பேயின் இடது பக்கத்தைப் பின்னாலிருந்து அடித்தார்கள்.

ஒதுக்க ஆளே இல்லை என்றால் வரிசையை மடக்குங்கள். கோடியில் இருக்கிற ஒருவரோ இருவரோ மட்டும் பின்வாங்கி, பக்கம் பார்த்துத் திரும்பினால் போதும், 'ட' எழுத்து மாதிரி. சான்சலர்ஸ்வில் நடந்து இரண்டே மாதத்தில் கெட்டிஸ்பர்க் சண்டையில் வடக்கத்தியத் தளபதி சேம்பர்லெய்னின் 20வது மெய்ன் ரெஜிமென்ட் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் இப்படித்தான் தாக்குப்பிடித்தது. தோட்டா தீர்ந்தபோது துப்பாக்கி முனைக் கத்தியோடு கீழே பாய்ந்தார்கள். பாய்கிற பகுதியை என் மைதானத்தில் செய்யாதீர்கள். மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டால் சுடக் கூடாது, 'சரண்டர்' கேட்க வேண்டும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவதுதான் பெரிய தப்பு. இன்னொரு கணக்கும் இருக்கிறது: ரெண்டு பேர் இடது பக்கம் சுற்றப் போயிருந்தால், எதிரே நாலு பேர்தான் மிச்சம். உங்களில் ஒருவர் சுற்றி வருகிற அந்த ரெண்டு பேரைத் தடுத்து நிறுத்திவிட்டால், ஐந்து பேர் வலது பக்கம் முன்னேறலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த டீமில் அக்கவுன்ட்ஸ் பெண் ஒருவர் வேண்டாவெறுப்பாக வந்திருந்தார். இடது ஓரம் அவருக்குக் கிடைத்தது. ஐந்து நிமிஷம் சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், திடீரென்று "லெஃப்ட்ல ரெண்டு பேரு வர்றாங்க!" என்று கத்தினார். ஒருவரை அவரே அவுட்டாக்கினார். இன்னொருவர் வந்த வழியே ஓடினார். ஆட்டம் முடிந்து கன்னைத் திருப்பிக் கொடுக்கும்போது லேசாகக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், மிச்சம் இருக்கிற பெல்லட்டுக்குக் காசு திரும்பத் தருவீங்களா?"