கூண்டு கொஞ்ச நாள் காலியாகவே இருக்கட்டும்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. கையில் துளை போட்ட ஷூ டப்பா. (ஆம்பூர் புண்ணியத்தில் நம் பக்கம் ஷூ டப்பா இல்லாத வீடு ஏது? பறவை வாங்கினால் அதில்தான் பஸ் பயணம்.) உள்ளே சாம்பல் நிறக் காக்டெய்ல் (காக்கட்டீல்) குஞ்சு ஒன்று. கொண்டை வைத்த சின்னக் கிளி வகை.

"ஒரு செக்கப் பண்ணிடுங்க டாக்டர். இதுக்கும் மணின்னுதான் பேர் வெச்சிருக்கேன்."

பழைய மணியை எனக்கு நன்றாகத் தெரியும். குக்கர் விசிலை அச்சு அசலாக அடிப்பான். மூன்றாவது விசில் என்று நம்பி அடுப்பை அணைத்து, அரைவேக்காட்டுப் பருப்பைப் பரிமாறிய கதையை அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். அவன் போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"என்னாச்சும்மா?"

"காலையில நல்லாத்தான் இருந்தான். நான் போன் பேசிட்டு வர்றதுக்குள்ள கீழ விழுந்து கிடந்தான். ஒம்பது வருஷம் ஆச்சே, வயசாயிடுச்சு போல."

ஒன்பது ஒரு வயதே இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் காக்டெய்ல் 15 முதல் 20 வருடம் இருக்கும். கூண்டு எங்கே தொங்குகிறது என்று கேட்டேன். அதே கூண்டு, அதே கொக்கி, சமையலறை வாசலை ஒட்டி. அன்று அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. நான்ஸ்டிக் தவா. பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட, தவாவை அடுப்பிலேயே மறந்துவிட்டிருக்கிறார்.

காலித் தவா பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே 260 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் அதன் மேல்பூச்சு சிதைந்து நச்சுவாயு வெளியேறும். கண்ணுக்குப் பெரிதாகப் புகை தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. நமக்குத் தொண்டை கரகரப்பதற்குள் பறவை செத்துவிடும். பறவையின் நுரையீரலுக்கு மூச்சை இழுக்கும்போதும் புதுக் காற்று, விடும்போதும் புதுக் காற்று. பறப்பதற்காக அமைந்த அந்த வசதியே இங்கே எமன்.

மணி இப்படித்தான் போனான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. முருங்கை மரத்தடியில் புதைத்துப் பாலும் ஊற்றியாயிற்று. பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். பறவை திடீரென்று இறந்தால் உடலை ஒரு பையில் கட்டி, ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். உறைந்துவிட்டால் திசுக்கள் கெட்டுப்போகும். அழுதுகொண்டிருப்பவரிடம் இதைச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். ஆனால் முதல் பறவை எதனால் போனது என்று தெரியாமல் இரண்டாவதை அதே கொக்கியில் மாட்டுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

காரணம் தொற்றாக இருந்தால் கதை இன்னும் மோசம். கிளி இனப் பறவைகளுக்கு வரும் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய், காய்ந்த எச்சத்தின் தூசி வழியாகப் புதுப் பறவைக்கும் பரவும், மனிதருக்கும் பரவும். நமக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று வரும், நிமோனியாவாகவும் முற்றலாம். வேலூரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இருமலோடு போகிறவர், வீட்டில் பறவை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் வந்துவிடுவார். தயவுசெய்து சொல்லுங்கள்.

எனவே கூண்டை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவையுங்கள். மரக்குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மரத்தை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. ஜோடியில் ஒன்று போய் மற்றது கத்திக்கொண்டே இருந்தால் மனசு கேட்காதுதான். அப்போதும் புதுப் பறவையை வேறு அறையில் 30 முதல் 45 நாள் வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

வாங்கும் பருவமும் முக்கியம். 'மரமில்லா மலை' என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். கத்திரி வெயிலில் அந்தப் பாறைகள் பகலில் குடித்த சூட்டை ராத்திரியும் விடுவதில்லை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நிற்கிறது என்றால் அது தத்தளிக்கிறது. மே மாத மதியத்தில் டப்பாவில் அடைத்து ஊர் சுற்ற வேண்டாம். அப்புறம், தானாகத் தின்னப் பழகாத குஞ்சை, 'கையில் ஊட்டினால் ஒட்டிக்கொள்ளும்' என்று விற்பார்கள். வாங்காதீர்கள். சூடான கூழ் ஊட்டி இரைப்பை வெந்துபோன குஞ்சுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. துக்கத்தில், மரத்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. அது நம் நாட்டுக் கிளி. 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பது குற்றம். காக்டெய்ல் ஆஸ்திரேலியப் பறவை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

பெயர் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் 'மணி மாதிரி விசிலடிக்குமா?' என்ற கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவேன். விசிலடிப்பது பெரும்பாலும் ஆண்தான். சாம்பல் நிறக் குஞ்சில் ஆணா பெண்ணா என்று ஆறு மாதத்துக்கு முன்னால் பார்வையில் சொல்வது கடினம். முதல் இறகு உதிர்ந்து முகம் மஞ்சளாகத் துலங்கினால் ஆண். வால் அடியில் பட்டைக்கோடு அப்படியே நின்றால் பெண். ஆணாகவே இருந்தாலும் அது குக்கரைப் பாடுமா, ஹாரன் அடிக்குமா என்பது அதன் இஷ்டம்.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன், சற்றுக் கூச்சத்தோடு. அவருக்கு 66 வயது. இந்தக் குஞ்சு இருபது வருடம் இருக்கும். யார் பார்த்துக்கொள்வார்கள்? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எதிர்வீட்டுப் பொண்ணு தினம் வந்து கொஞ்சிட்டுப் போறா" என்றார். சரி, அவளையும் அடுத்த முறை கூட்டி வரச் சொன்னேன்.

வந்தார்கள். கூண்டு இப்போது படுக்கையறை ஜன்னலோரம், தவாவுக்குப் பதில் இரும்பு தோசைக்கல். சூரியகாந்தி விதையைக் குறைத்து, தினையும் கம்பும் முருங்கைக்கீரையும் தருகிறார்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் அந்தப் பெண் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறாள். பறவை தன் நோயை மறைக்கும், தராசில் மறைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடைசி வரியில் 88 கிராம். நோட்டின் அட்டையில் 'மணி' என்று எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் வேறு பெயர் எதுவும் இல்லை.

"இன்னும் யோசிச்சிட்டு இருக்கோம் டாக்டர்" என்றார் அந்த அம்மா.